கேட்கப்படாத வீடுகள்

பத்திரிகைத் தொழிலில் நான் மிகவும் அஞ்சிய மனிதர் பிரதம ஆசிரியர் அல்லர், விளம்பர முகாமையாளரே. 1990களின் நடுப்பகுதியில் ஒரு பிற்பகல், அவர் ஆசிரியபீடத்துக்குள் வந்து எனது மேசையில் தடித்த அறிக்கையொன்றைப் போட்டார். கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் விளம்பர முகவர்களுக்காகத் தயாரித்த சந்தை ஆய்வு அது. எந்தப் பத்திரிகையை எத்தனை பேர் வாசிக்கிறார்கள், எந்தச் சவர்க்காரத்தை வாங்குகிறார்கள் என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். தமிழ்ப் பத்திரிகைகளின் பங்கு, எவரும் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறுத்திருந்தது.

"இனி எந்த முகத்தோடை போய் விளம்பரம் கேக்கிறது, தம்பி?" என்றார் அவர்.

கடைசிப் பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக.

எங்கள் பத்திரிகை அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது உண்மையே. ஆனால் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வவுனியாவிலும் எமக்கு முகவர்கள் இருந்தார்கள். அங்கே வாசிப்பவர்களும், சவர்க்காரம் வாங்குபவர்களும் இருந்தார்கள். கேள்விக்கொத்தோடு எவரும் அவர்களிடம் போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் 1936ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் என் நினைவுக்கு வருவதுண்டு. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார சஞ்சிகை அப்போது கருத்துக்கணிப்பில் பெரும் புகழ் பெற்றிருந்தது. 1932 உட்பட முந்தைய தேர்தல்களின் முடிவுகளை அது சரியாகவே சொல்லியிருந்தது. 1936இல் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. 23 இலட்சத்துக்கும் அதிகமானவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சியின் அல்ஃப் லாண்டன் 57 சதவீதம் பெற்று வெல்வார் என்று அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளைப் பெற்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வேர்மொண்ட் ஆகிய இரண்டே மாநிலங்கள். தேர்வாளர் வாக்குகளில் 523க்கு 8. சஞ்சிகை 1938இல் மறைந்துபோயிற்று.

முகவரிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன? தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் காரணம் பாடநூல்களில் எல்லாம் உண்டு. பலரும் கவனிக்கத் தவறும் இன்னொரு காரணமும் இருந்தது. சீட்டுப் பெற்றவர்களில் கால்வாசிப் பேர்கூடப் பதில் அனுப்பவில்லை. கோபமுள்ளவன் உடனே தபாற்பெட்டியைத் தேடிப் போகிறான். திருப்தியாக இருப்பவன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மறந்துபோகிறான். 1937இல் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வின் தரவுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, பதில் அனுப்பாதவர்களிடையே ரூஸ்வெல்டின் ஆதரவாளர்களே மிகுந்திருந்தது தெரியவந்தது.

அதே தேர்தலில் ஜோர்ஜ் காலப் ஏறத்தாழ 50,000 பேரை மாத்திரம் கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். டைஜஸ்ட் என்ன பிழை விடப் போகிறது என்பதையும் முன்கூட்டியே சொன்னார். அவருடைய கணிப்பு 56 சதவீதம். அதாவது அவரும் ஐந்து சதவீதம் தவறினார். 1948இல் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லி அவரே சறுக்கி விழுந்தார் என்பதையும் மறந்துவிடலாகாது.

காலப்பின் தொடக்கம் தேர்தல் அல்ல, பத்திரிகை என்பது என் போன்றவர்களுக்குச் சுவையான செய்தி. 1928இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற கலாநிதிப் பட்டம், வாசகர்கள் பத்திரிகையில் எதை வாசிக்கிறார்கள் என்று அளவிடும் முறை பற்றியது. "என்ன வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் கௌரவமான பதிலையே தருவார்கள். ஆகவே அவர் பத்திரிகையை விரித்துவைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, எதை வாசித்தீர்கள் என்று கேட்கச் செய்தார். சித்திரத் தொடர்கள், முதற்பக்கத்தின் பெருஞ்செய்திகளை விஞ்சின. ஆசிரியத் தலையங்கம் எழுதிக் கைதேய்ந்த எனக்கு இதை முதன்முதலில் அறிந்தபோது ஏற்பட்ட மனநிலையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அவருக்கும் முந்தியவர் சார்ள்ஸ் கூலிட்ஜ் பார்லின், விஸ்கொன்சினில் பாடசாலை அதிபராக இருந்தவர். 1911இல் ஃபிலடெல்ஃபியாவின் கேர்ட்டிஸ் பதிப்பகத்தில் சந்தை ஆய்வைத் தொடங்கினார். தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையொன்று உண்டு. தகரத்தில் அடைத்த சூப் வாங்குபவர்கள் பணக்காரர்களே என்று கம்ப்பெல் கம்பனி நம்பியதாம். தொழிலாளர் வாசிக்கும் சஞ்சிகையில் விளம்பரம் செய்வானேன் என்று கேட்டதாம். பார்லின் வாதாடவில்லை. வீட்டுக் குப்பைகளைச் சேகரித்து எண்ணச் செய்தார். வெற்றுத் தகரங்கள் தொழிலாளர் குடியிருப்புகளில்தான் கிடந்தன. சீமான் வீடுகளில் சூப் சமைக்க ஆள் இருந்தது.

இந்தக் கதையை நான் சொல்லப்போய், எங்கள் முகாமையாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "நாங்களே ஒரு கணக்கெடுப்புச் செய்வம்" என்றார். எமது கிழக்கு மாகாண முகவர்கள் எல்லோருக்கும் கடிதம் போனது: உமது கடையில் விற்கும் ஒரு பிரதியை எத்தனை பேர் வாசிக்கிறார்கள்? பதில்கள் விரைந்து வந்தன. ஒரு முகவர் பத்திரிகையின் பயணத்தையே எழுதியிருந்தார்: காலையில் சலூன், பத்து மணிக்குத் தேநீர்க் கடை, மாலையில் வாசிகசாலை, மறுநாள் வெற்றிலை சுற்ற. அவற்றையெல்லாம் கூட்டிப் பெருக்கி, அழகாகத் தட்டச்சுச் செய்து, விளம்பர முகவர் நிலையமொன்றுக்கு எடுத்துச் சென்றோம்.

அங்கிருந்த இளைஞர் பொறுமையாக வாசித்தார். "ஐயா, இது உங்கள் பத்திரிகையை விற்பவர்களிடமே கேட்டது அல்லவா?" என்றார்.

அவர் சொன்னது முழுக்க நியாயம். டைஜஸ்டின் தவற்றைப் பற்றி அவ்வளவு அறிந்திருந்த நானே அதைத்தான் செய்திருந்தேன். ஆனால் அவருடைய மேசையிலிருந்த அறிக்கையின் கடைசி வரியை நாங்கள் காட்டியபோது, பாதுகாப்பு நிலைமை என்று மட்டும் சொன்னார். அதுவும் நியாயமே. துப்பாக்கிகளுக்கு நடுவே கேள்விக்கொத்தோடு போ என்று எந்த இளைஞனை அனுப்புவது?

அக்காலத்தில் அரசாங்கத்தின் கணக்குகளும் அப்படித்தான் இருந்தன. 1981க்குப் பின்னர் 1991இல் குடிசன மதிப்பீடு நடைபெறவேயில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக எடுக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் முழுமையாக எண்ணப்பட்டது அம்பாறை ஒன்றே. எத்தனை பாடசாலைகள், எத்தனை மருத்துவமனைகள் வேண்டும் என்று திட்டமிடுபவர்களின் அட்டவணைகளிலும் அதே சிறிய எழுத்து வரி ஒட்டிக்கொண்டிருந்தது.

நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது 2012இல். அப்போது முகாமையாளர் ஓய்வுபெற்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. முடிவுகள் வந்த காலத்தில் தொலைபேசியில் அழைத்தேன். "எங்கடை வீடுகளை எண்ணிப்போட்டாங்களோ?" என்று கேட்டார். எண்ணிவிட்டார்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இருந்த ஆக்களை இனி ஆர் எண்ணுறது?" என்றார்.