காதில் தொடங்கி மூளையை எட்டும் நோய்



குழந்தையின் காதில் சீழ் வடிந்தால், வளர வளரச் சரியாகிவிடும் என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் மறையவில்லை. பெரும்பாலான காதுநோய்கள் தீங்கின்றிக் குணமாவது உண்மையே. ஆயினும், அரிதாகச் சிலருக்கு அது மூளையை எட்டிவிடும் என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1560ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பிரான்சின் 16 வயது மன்னர் இரண்டாம் பிரான்சிஸ் ஓர்லியான் நகரில் காதுநோயால் படுக்கையில் வீழ்ந்தார். டிசம்பர் 5ஆம் நாள் உயிர்நீத்தார். காதின் சீழ் மூளைக்குப் பரவியதே காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அரியணையும் அரண்மனை மருத்துவர்களும் அவரைக் காக்க இயலவில்லை.

மூளையில் உண்டான சீழே காது வழியாக வெளியேறுகின்றது என முற்காலத்தில் பலர் நம்பினர். இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் மோர்காக்னி, இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, காதே தொடக்கம் என 1761இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நடுக்காதுக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மெல்லியதோர் எலும்புத் தகடே.

1876இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நெற்றிக் காயத்தால் மூளையில் சீழ்க்கட்டி உண்டான ஒரு சிறுவனை மருத்துவர் மெக்யூவன் கண்டார். கட்டியின் இடத்தைக் கணித்து, அறுவை செய்ய இசைவு கேட்டார். குடும்பத்தார் மறுத்தனர்; சிறுவன் இறந்தான். பின்னர்ப் பரிசோதித்தபோது, அவர் கூறிய இடத்திலேயே கட்டி இருந்தது! மனந்தளராத அவர், காதுநோயால் விளையும் மூளைக்கட்டிகளையும் விரிவாக ஆராய்ந்தார். மூளைச் சீழ்க்கட்டிக்கு அறுவை செய்யப்பெற்ற 19 பேரில் 18 பேர் பிழைத்ததாக 1893இல் நூல் வெளியிட்டார்.

1940களில் பெனிசிலின் பரவலான பயன்பாட்டுக்கு வந்தபின் இவ்விபத்துகள் மேலும் அரிதாயின. காதுநோய்க்கும் மூளைக்காய்ச்சலுக்கும் காரணமான நிமோகாக்கஸ் கிருமிக்கெதிரான தடுப்பூசி, நம் நாட்டின் அரசுத் திட்டத்தில் 2017இல் தொடங்கி 2021இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

பெற்றோர்களே! காதுநோயுள்ள குழந்தைக்குத் தணியாத காய்ச்சல், தொடர் வாந்தி, கடுந்தலைவலி, மயக்கம் போன்ற தூக்கம், கழுத்து விறைப்பு, வலிப்பு, காதின் பின்புற வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் எனக் காத்திராதீர்கள். மன்னருக்குக் கிட்டாத மருத்துவம் இன்று நமக்குக் கிட்டியுள்ளது. அதைத் தாமதத்தால் இழப்பது தகுமா?