பிடங்கினுள் ஒரு பெயர்

சுவிற்சர்லாந்தின் 1931ஆம் ஆண்டு மாதிரிக் குறுந்துவக்கின் பிடங்கிலே உலோகத் தகடு ஒன்று உண்டு. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். இத்துவக்கைப் புதிதாக உடைமையாகப் பெறுவோர் பலர் முதலிற் செய்யும் வேலை அத்தகட்டைக் கழற்றிப் பார்ப்பதேயாகும். எண்ணெய்க் கறை படிந்து மஞ்சளித்த சிறு தாளொன்று உள்ளே இருத்தல் கூடும். அதிலே ஒரு போர்வீரனின் பெயரும், படைப்பிரிவும், ஊரும் எழுதப்பட்டிருக்கும். எல்லாத் துவக்குகளிலும் இத்தாள் இருப்பதில்லை. இருந்துவிட்டாலோ, கையிலிருப்பது வெறும் மரமும் இரும்பும் அன்று என்பது அக்கணமே விளங்கிவிடும்.

ஏனைய நாடுகளின் படைத் துவக்குகளில் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும்; ஆளின் பெயரைக் காண்பது அரிது. அங்கே துவக்கு அரசுக்குரியது. பணி முடிந்ததும் அது ஆயுதசாலையில் அடைபடும். வீரன் வெறுங்கையோடு வீடு செல்வான். சுவிற்சர்லாந்திலோ வீரனோடு துவக்கும் வீடு சென்றது. 1874ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசியலமைப்பு, தனது பதினெட்டாம் உறுப்பிலே, சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு அமைய ஆயுதம் வீரனின் கையிலேயே இருக்கும் என வகுத்தது. உழவனும், கடிகாரத் தொழிலாளியும், பள்ளி ஆசிரியனும் ஆண்டிற் சில கிழமைகள் படையிற் பணிபுரிந்துவிட்டு, எஞ்சிய நாள்களில் சீருடையையும் துவக்கையும் வீட்டு அலுமாரியிலே வைத்துக் காத்தனர். நிலையான பெரும்படையை வைத்திராத அச்சிறு நாடு, தன் காவலை வீடுதோறும் பங்கிட்டு வைத்தது எனலாம்.

இவ்வழக்கம் சட்டத்தினால் மட்டும் உண்டானதன்று. மகனின் தலைமேல் வைத்த அப்பிளை அம்பால் வீழ்த்திய வில்லியம் தெல்லின் கதையை அறியாத சுவிஸ் சிறுவன் இல்லை. அது வரலாறன்று, கதையே. ஆயினும் குறி தவறாமையைக் குடிமகனின் முதற்குணமாக ஒரு மக்கள் கருதி வந்தனர் என்பதற்கு அக்கதையே சான்று. 1824ஆம் ஆண்டில் ஆராவு நகரிலே சுவிஸ் சுடுநர் சங்கம் அமைந்தது. முதலாவது கூட்டாட்சிச் சூட்டு விழாவும் அங்கேயே நிகழ்ந்தது. அந்நாளிற் சுவிற்சர்லாந்து இன்றுள்ளது போன்ற ஓர் அரசன்று. தத்தமக்கெனச் சட்டமும் சுங்கமும் நாணயமும் கொண்டிருந்த 22 மாநிலங்களின் தளர்ந்த கூட்டே அது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட அம்மாநிலத்தார் ஒரே திடலில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று சுட்டதும், மாலையில் ஒரே பந்தியில் உண்டதும் இவ்விழாக்களிலேதான். 1847ஆம் ஆண்டில் அவர்களே இரு பக்கமாகப் பிரிந்து உள்நாட்டுப் போரும் புரிந்தனர். அப்போர் ஒரு மாதமும் நீடிக்கவில்லை. மாண்டோர் தொகையும் ஏறத்தாழ நூறளவே. மறு ஆண்டே கூட்டாட்சி பிறந்தது. சூட்டு விழாக்களே நாட்டை ஒன்றாக்கின என்று கூறுதல் மிகையாகும். ஆயின், பகைவர்களாக எதிர்நின்றோர் பலர் ஏற்கெனவே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது.

இத்தகைய மக்களுக்கு எத்தகைய துவக்கு வேண்டும்? போர்க்களத்துக்கு மட்டுமானால் உறுதி போதும். ஓரளவு குறி போதும். சுவிஸ் வீரனோ ஆண்டுதோறும் தன் ஊரார் முன்னிலையில் 300 மீற்றர் தொலைவிலுள்ள வட்டத்தைச் சுட்டுக் காட்ட வேண்டியவன். ஆகவே, படைத்துவக்கே பந்தயத் துவக்காகவும் அமைய வேண்டியதாயிற்று.

அந்நாட்டுக் கம்மியர் இதிலே சளைக்கவில்லை. தூன் நகரின் ரவைத் தொழிற்சாலையைச் சார்ந்த எடுவாட் ரூபின், 1882ஆம் ஆண்டில் ஈய ரவைக்குச் செப்புறை இட்டார். வேகம் மிகுந்தபோது வெறும் ஈயம் குழலின் புரிகளிலே ஒட்டிக் குறியைக் கெடுத்து வந்தது. செப்புறை அக்குறையை நீக்கியது. ருடோல்ப் ஷிமிட் என்னும் கேணல் பூட்டைச் சீர்செய்தார். மற்றைத் துவக்குகளிற் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்து, முன்னே தள்ளி, மீண்டும் கீழே மடக்க வேண்டும். அவருடைய பூட்டிலோ நேரே இழுத்து நேரே தள்ளுவதே போதும். சுழற்சியைப் பூட்டே பார்த்துக்கொள்ளும். 1889ஆம் ஆண்டு மாதிரி இவ்வாறு பிறந்தது. 1911ஆம் ஆண்டிற் கூர்முனையும் ஒடுங்கிய அடியும் கொண்ட புதிய ரவை வந்தது. ரவையின் எடை 11.3 கிராம், குழலை விட்டு நீங்கும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 780 மீற்றர். அது திறம் வாய்ந்த ரவை என்பதிற் குறிபார்க்கும் கலையறிந்தோர் கருத்து வேறுபடுவதில்லை.

எஞ்சியிருந்த குறை பூட்டின் நீளம். பேர்ண் நகரத்துக் கூட்டாட்சி ஆயுதத் தொழிற்சாலையின் தலைவர் கேணல் அடோல்ப் பூரர் அப்பூட்டைக் குறுக்கினார். மிஞ்சிய இடத்தைக் குழலுக்குக் கொடுத்தார். பழைய குறுந்துவக்கின் மொத்த நீளம் ஏறத்தாழ மாறாதிருக்க, குழல் மட்டும் 592 மில்லிமீற்றரிலிருந்து 652 மில்லிமீற்றராக வளர்ந்தது. விசையும் இரு படியாக இயங்கும். முதற்படி மெல்லென நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கே சுடுநன் மூச்சை அடக்கிக் குறியைச் சரிபார்ப்பான். பின் விரல் சற்றே அழுந்தினாற் போதும். 1931இற் சோதனைக்கெனச் சில நூறு துவக்குகள் செய்யப்பட்டன. 1933இற் படை அதனை ஏற்றது. 1958 வரையில் ஏறத்தாழ 5,28,000 துவக்குகள் ஆக்கப்பட்டன. எடை நான்கு கிலோகிராம். ரவைக்கூட்டில் ஆறு ரவை.

இரண்டாம் உலகப் போரின்போது சுவிஸ் வீரர் தோளில் இருந்த துவக்குகளில் இதுவே முதன்மையானது. 1940ஆம் ஆண்டில் பிரான்சு வீழ்ந்தபின் நாற்புறமும் அச்சு நாடுகளால் சூழப்பட்ட நிலையில், தளபதி ஆன்றி கிசான் யூலை 25ஆம் நாள் தம் படை அதிகாரிகளை ரூட்லி என்னும் மலைப்புல்வெளிக்கு அழைத்து, அல்ப்ஸ் மலையரணிலே நின்று எதிர்க்கும் தம் முடிவை அறிவித்தார். நாடு தாக்கப்படவில்லை. துவக்கைக் கண்டு பகைவன் அஞ்சினான் எனப் பெருமை பேசுவோர் உளர். மலைகளும், சுரங்கப் பாதைகளும், ஜேர்மனியோடு நடந்த வாணிபமும், பொன் கொடுக்கல் வாங்கலும் அக்கணக்கிலே சேர்க்கப்பட வேண்டியவை. எவ்வாறாயினும், அப்போரிலே பெரும் களம் எதனையும் அத்துவக்கு காணவில்லை. அதன் மரத்திலுள்ள தழும்புகள் பனியிலும் பாறையிலும் சூட்டுத் திடலிலும் பட்டவை.

முன்னாளில் திடலில் நிகழ்ந்தது எளிய காட்சியே. ஆண்டுக்கு இருபது சூடு கட்டாயக் கடன். சுடுநன் குப்புறப் படுத்துக்கொள்வான். இலக்கின் அடியிலே குழியில் மறைந்திருப்போர், சூடு பட்ட இடத்தை நீண்ட கோலின் நுனியிலுள்ள வட்டத்தால் தொட்டுக் காட்டுவர். குறி முற்றிலும் தவறினால் கோல் இடமும் வலமும் அசையும். ஊர் முழுதும் அதனைக் காணும். அக்கோலின் அசைவைவிடக் கடுமையான தண்டனை வேறு வேண்டியதில்லை!

படைக் கடமை முடிந்தபின் வீரன் விரும்பினால் அத்துவக்கைத் தனக்கே உரிமையாக்கிக்கொள்ளலாம். அப்போது துவக்கின்மேல் 'பி' என்னும் எழுத்துப் பொறிக்கப்படும். தனியார் உடைமை என்பதன் அடையாளம் அது. 1957ஆம் ஆண்டு மாதிரித் தாக்குதற் துவக்கு படைக்கு வந்தபின், பழைய குறுந்துவக்குகள் இவ்வாறே பெருந்தொகையாக வீடுகளுக்குப் போயின.

வீட்டில் இருக்கும் துவக்கு நாட்டின் பகைவனை மட்டுமே நோக்கியிருக்கும் என்பதற்கு உறுதி உண்டோ? குடும்பப் பூசலிலும், தனிமையின் துயரிலும் அலுமாரிக் கதவு திறந்ததுண்டு. 2007ஆம் ஆண்டில், வீரர் வீட்டிலே வைத்திருந்த முத்திரையிட்ட ரவைப்பெட்டிகளை மீளப்பெற முடிவாயிற்று. படைத் துவக்குகளையும் ஆயுதசாலைக்கே திருப்ப வேண்டுமா என்னும் வினா 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் மக்கள் முன் வைக்கப்பட்டது. நூற்றுக்கு 56.3 பேர் வேண்டாம் என்றனர்; சூரிக், ஜெனீவா போன்ற பெருநகர் மாநிலங்கள் வேண்டும் என்றன. 2013ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ ஆய்வொன்று, அதற்குப் பத்தாண்டு முன்னர் படை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டபின், படைக் கடமைக்குரிய வயதினரான ஆண்களிடையே தற்கொலையும் குறைந்ததெனக் காட்டியது. அது வாக்கெடுப்புக்கு முன்னரே வெளிவந்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ என எண்ணத் தோன்றுகிறது. 2010 முதல், படையை விட்டு நீங்குவோர் துவக்கை உடைமையாக்க அனுமதிப் பத்திரமும் பெறவேண்டும்.

பழைய குறுந்துவக்கோ கடல் கடந்தும் போயிற்று. அமெரிக்காவிலே பல்லாயிரம் துவக்குகள் மலிவு விலையில் விற்பனையாயின. அந்நாட்டிலும் அது பெரும்பாலும் சூட்டுத் திடலிலேயே பயன்படுகிறது. பிடங்கினுள் இருந்த பெயரைத் தேடிக் கடிதம் எழுதியோர் உளர். பதில் வரப் பெற்றோரும் உளர். தாளைப் படித்தவர்கள் அதனைப் பெரும்பாலும் வெளியே வைத்துக்கொள்வதில்லை. படியெடுத்துவிட்டு, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துத் தகட்டைப் பூட்டிவிடுகின்றனர்.

சுவிற்சர்லாந்திலும் அது இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் நடைபெறும் கூட்டாட்சிக் களச் சூட்டு விழாவிலே ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றுகின்றனர். பதினெட்டுச் சூடு, அவற்றிற் சில நிமிடக் கணக்கில் விரைந்து சுடவேண்டியவை. படைத்துவக்கு மாதிரிகளுக்கு மட்டுமே அங்கே இடமுண்டு. 1931ஆம் ஆண்டு மாதிரிக்கும் இடமுண்டு. புதிய துவக்கைத் தாங்கிய இளைஞனின் பக்கத்திலே, முதியவர் ஒருவர் தம் குறுந்துவக்கோடு மெல்லப் படுத்து, பூட்டை நேரே இழுத்து நேரே தள்ளுகிறார்.