தெருக்களுக்குப் பெண்பெயர் கேட்டவர்

2010 ஜனவரி 12, மாலை 4.53 மணி. ஹெய்ட்டியின் தலைநகர் போர்த்-ஓ-பிரான்ஸ் அருகே 7.0 அளவில் நிலம் அதிர்ந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஒரு லட்சம் என்பாரும் உண்டு, மூன்று லட்சம் என்பாரும் உண்டு. இந்த இடைவெளியை முதன்முதலில் படித்தபோது திகைத்துப்போனேன். பெயர் எழுதப்படாதவர்கள் சாவிலும் தோராயக் கணக்காகிவிடுகிறார்கள்.

அந்தக் கணக்குக்குள் ஹெய்ட்டியப் பெண்ணிய இயக்கத்தின் மூன்று தலைவர்கள் இருக்கிறார்கள்: மிரியம் மெர்லே, மகாலி மார்ஸ்லேன், ஆன் மரீ கோரியோலான். வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநின்ற 'காய் ஃபாம்' அமைப்பை நிறுவியவர் மார்ஸ்லேன். கிரெயோல் மொழியில் அதற்குப் 'பெண்கள் வீடு' என்று பொருள். கோரியோலான், 'சோஃபா' என்ற பெண்கள் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். மூவரையும் மதிக்கிறேன். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது மெர்லேயைத்தான். பெண்களை மறக்கவிடக் கூடாது என்பதையே வேலையாகக் கொண்டவர் அவர்.

எழுபதுகளில் நாட்டைவிட்டு வெளியேறி, கனடாவில் பொருளாதாரம் படித்து, எண்பதுகளில் ஊர் திரும்பினார் மெர்லே. பெண்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டிக் காத்துப் பரப்பிய 'என்ஃபோஃபாம்' அமைப்பை வளர்த்தெடுத்தார். தெருக்களுக்கு ஹெய்ட்டியப் பெண்களின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று முயன்றார். இறக்கும்போது அவருக்கு வயது 53. பெண்கள் அமைச்சகத்தில் உயர்பொறுப்பில் இருந்தார்.

தெருப்பெயர் அவ்வளவு பெரிய விஷயமா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் ஹெய்ட்டியின் வரலாறுதான்.

அங்கே 1934-லேயே பெண்கள் சங்கம் அமைத்துக் கல்விக்கும் உரிமைக்கும் போராடினார்கள். 1950-இல் வாக்குரிமை வென்றார்கள். 1957-இல் முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களித்தார்கள். அந்தத் தேர்தலில் வந்தவர்தான் துவாலியே. சில மாதங்களில், 1958 ஜனவரியில், அவரை விமர்சித்து எழுதிய பத்திரிகையாளர் இவோன் அக்கீம் ரெம்பேலை முகமூடி அணிந்தவர்கள் வீடு புகுந்து இழுத்துச் சென்று, சித்திரவதை செய்து, தெருவோரம் போட்டுவிட்டுப் போனார்கள். தந்தையும் மகனுமாக 29 ஆண்டுகள் நீடித்தது அந்த ஆட்சி. 1986 பிப்ரவரியில் மகன் துவாலியே தப்பியோடினார். ஏப்ரல் 3 அன்று பல்லாயிரம் பெண்கள் தலைநகரில் ஊர்வலம் போனார்கள்.

அந்த ஊர்வலத்தில் நடந்த இளம்பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். தனக்கு முன்னால் இப்படி நடந்தவர்கள் உண்டு என்பதை அவளிடம் யார் சொல்லியிருப்பார்கள்? பெண்ணியம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது அவளிடம் சொன்னால், 1934 என்ற ஒரு தேதி போதும் பதிலுக்கு. அந்தத் தேதியை அவள் கைக்கு எட்டும்படி வைப்பதுதான் ஆவணப்படுத்தல்.

சட்டத்துக்கும் இது பொருந்தும். ஹெய்ட்டியில் பாலியல் வல்லுறவு நெடுங்காலம் ஒழுக்கத்துக்கு எதிரான குற்றமாகவே கருதப்பட்டது. கெட்டது பெண்ணின் மானம் என்பதே கணக்கு. 1991-இல் நடந்த ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு வல்லுறவு அரசியல் ஆயுதமானது. பெண்கள் அமைப்புகள் சாட்சியங்களைச் சேகரித்தன, விடாமல் வாதாடின. 2005-இல் சட்டம் மாறியது. வல்லுறவு பெண்ணின் உடலுக்கு எதிரான குற்றம் என்று ஏற்கப்பட்டது. இந்த மாற்றத்துக்காக உழைத்தவர்களில் இம்மூவரும் உண்டு.

நிலநடுக்கத்துக்குப் பின் கூடார முகாம்களில் பாலியல் வன்முறை பெருகியது. இவர்கள் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் இவர்கள் இல்லை. இந்த இழப்பை எந்த இரங்கலுரையும் ஈடுசெய்யாது.

ஹெய்ட்டியில் பெண்ணைப் 'போத்தோ மித்தான்' என்பார்கள், அதாவது நடுத்தூண். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தூண் கூரையைத் தாங்குகிறது. அதன் பெயரை யாரும் கேட்பதில்லை. மெர்லே கேட்டார்.

அதனால் மெர்லேயைப் பற்றிப் பேசும்போது அவரோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. மார்ஸ்லேன், கோரியோலான், அக்கீம் ரெம்பேல் என்று பலகையில் எழுதுகிறேன். மாணவிகள் அவற்றை உரக்கப் படிக்கிறார்கள். அதன் பிறகு, தங்கள் பாட்டியின் அம்மா பெயர் தெரியுமா என்று கேட்கிறேன். வகுப்பு அமைதியாகிவிடுகிறது. மறுநாள் சிலர் வீட்டில் விசாரித்து எழுதிக்கொண்டு வருகிறார்கள்.