வளரும் நாடுகளில் பொறியியல் மாணவர் கட்டுமானத் திட்டங்கள்

வளரும் நாடுகளில் பொறியியல் மாணவர் கட்டுமானத் திட்டங்கள் என்பவை, பல்கலைக்கழகங்களில் பொறியியல் பயிலும் மாணவர்கள் வேறொரு நாட்டின் ஊரகப் பகுதிக்குச் சென்று, அங்கு வாழும் மக்களுடன் இணைந்து குடிநீர்த் திட்டம், நடைபாலம், பள்ளிக் கட்டடம், கழிப்பறை போன்றவற்றை வடிவமைத்துக் கட்டும் கல்விசார் முயற்சிகள் ஆகும். பட்டறிவு மிக்க பொறியியலாளர் ஒருவர் இவற்றை மேற்பார்வை செய்வது வழக்கம். 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இம்முயற்சிகள் விரைவாகப் பரவின. மாணவருக்குக் கல்வி, ஊருக்குப் பயன் என்னும் இரு நோக்கங்கள் இவற்றில் இணைந்துள்ளன. இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதே இத்துறையின் முதன்மைச் சிக்கலாகும்.

வரலாறு

பொறியியல் மாணவர்கள் வெளிநாடுகளில் தொழிற்பயிற்சி பெறுவதற்கான அமைப்பு முறையான ஏற்பாடுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உருவாயின. மாணவர்களைப் பயிற்சிக்காக நாடுகளுக்கிடையே பரிமாறிக்கொள்ளும் பன்னாட்டுச் சங்கமான 'ஐயெஸ்தே' 1948இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் தோற்றுவிக்கப்பட்டது. ஏழை நாடுகளின் ஊர்களில் பணிபுரிவது அதன் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை.

'எல்லைகளற்ற பொறியியலாளர்கள்' என்னும் பெயரில் முதல் அமைப்பு 1982இல் பிரான்சில் தோன்றியது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பட்டதாரிகளான பார்க்கர் மிட்செல், ஜார்ஜ் ரோட்டர் ஆகியோர் 2000இல் இதே பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். 2001இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும், 2002இல் ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தகைய அமைப்புகள் உருவாயின. பெயர் ஒன்றாக இருப்பினும் இவை தனித்தனி அமைப்புகள். இவற்றின் அணுகுமுறைகளும் வேறுபட்டவை.

சான் பாப்லோ திட்டம்

ஐக்கிய அமெரிக்க அமைப்பின் தொடக்கம் நடு அமெரிக்க நாடான பெலீசில் உள்ள சான் பாப்லோ என்னும் சிற்றூருடன் தொடர்புடையது. போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தின் குடிசார் பொறியியல் பேராசிரியர் பெர்னார்டு அமடெய் 2000ஆம் ஆண்டில் அங்கு அழைக்கப்பட்டார். அவ்வூரில் மின்சாரமோ குழாய்நீரோ இருக்கவில்லை. ஆற்றிலிருந்து நீர் சுமக்கும் வேலை சிறுவர் சிறுமியர் மேல் விழுந்ததால் அவர்களது பள்ளிப்படிப்பு தடைப்பட்டது.

2001ஆம் ஆண்டு மே மாதம் அமடெய் எட்டு மாணவர்களுடன் மீண்டும் சென்றார். அருகிலிருந்த நீர்வீழ்ச்சியின் ஆற்றலைக் கொண்டு ஊருக்கு நீரேற்றும் அமைப்பு ஒன்று ஊர்மக்களின் துணையுடன் நிறுவப்பட்டது. வானூர்திக் கட்டணம் உட்பட மொத்தச் செலவு ஏறத்தாழ 14,000 அமெரிக்க டாலர்கள். இத்திட்டத்தின் வெற்றியே மறு ஆண்டில் அமைப்பு உருவாக வழிவகுத்தது.

செயல்முறை

திட்டங்கள் பொதுவாக மூன்று கட்டங்களாக நடைபெறுகின்றன.

1. மதிப்பாய்வு: மாணவர்கள் ஊருக்குச் சென்று நில அளவை செய்கின்றனர், ஊற்றின் நீர்வரத்தை அளக்கின்றனர், நீரைச் சோதிக்கின்றனர், மக்களுடன் பேசித் தேவையை அறிகின்றனர்.
2. கட்டுமானம்: பல்கலைக்கழகத்தில் வரைந்த வடிவமைப்பைத் தொழில்முறைப் பொறியியலாளர்கள் சரிபார்த்த பின்னர் கட்டுமானம் தொடங்குகிறது.
3. கண்காணிப்பு: கட்டியது இயங்குகிறதா என்பதைப் பின்னர் சென்று ஆராய்கின்றனர்.

ஐக்கிய அமெரிக்க அமைப்பு, ஒரு மாணவர் குழு ஓர் ஊருடன் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர்பு கொண்டிருக்க வேண்டும் என விதித்தது. கட்டுமானச் செலவில் 5 விழுக்காட்டை ஊர்மக்கள் ஏற்கவேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. இலவசமாகக் கிடைத்த ஒன்றைவிடத் தாமும் பங்களித்த ஒன்றை மக்கள் பேணுவர் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

நாட்காட்டிச் சிக்கல்

கல்வி ஆண்டும் கட்டுமானத்தின் இயல்பும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறை மே முதல் ஆகத்து வரையான காலம். நடு அமெரிக்காவின் பெரும்பகுதியில் அதுவே மழைக்காலம். அப்போது அளக்கப்படும் ஊற்றின் நீர்வரத்து மிகுதியாக இருக்கும். அந்த அளவை மட்டும் நம்பித் தொட்டியையும் குழாயையும் வடிவமைத்தால், மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களின் வறட்சியில் குழாய்கள் வற்றிவிடும். ஆகவே வறண்ட மாதங்களில் உள்ளூர்வாசி ஒருவர் வாளியும் கடிகாரமும் கொண்டு நீர்வரத்தை அளந்து குறித்து வைப்பது இன்றியமையாதது. ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடிகள் ஆகின்றன என்னும் எளிய கணக்கே இதற்குப் போதும்.

கற்காரையும் இத்தகைய சிக்கலைத் தருகிறது. அதன் வலிமை வழக்கமாக 28ஆம் நாளில் மதிப்பிடப்படுகிறது. மாணவர்களோ பெரும்பாலும் ஓரிரு வாரங்களே தங்குகின்றனர். எனவே அடித்தளத்தை உள்ளூர்க் கொத்தனார்கள் முன்கூட்டியே அமைத்து, நாள்தோறும் நீரூற்றிப் பதப்படுத்த வேண்டியுள்ளது. 'மாணவர்கள் கட்டிய தொட்டி' எனப்படுவதன் பெரும்பகுதி உண்மையில் அக்கொத்தனார்களின் உழைப்பாகும்.

மலைப்பாங்கான ஊர்களில் அழுத்தக் கணக்கும் முக்கியமானது. ஒவ்வொரு 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்கும் குழாயில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. உயர வேறுபாடு 100 மீட்டராயின், நீர் ஓடாமல் நிற்கும்போது கீழ்முனையில் சுமார் 10 மடங்கு அழுத்தம் உண்டாகும். மலிவான நெகிழிக் குழாய்கள் இதனால் வெடிக்கக்கூடும். இதைத் தவிர்க்க இடையிடையே திறந்த தொட்டிகள் அமைத்து அழுத்தத்தைக் குறைப்பர்.

நடைபாலங்கள்

ஆற்று வெள்ளத்தால் துண்டிக்கப்படும் ஊர்களுக்கு நடைபாலம் கட்டுவது மாணவர் திட்டங்களில் பரவலான மற்றொரு வகை. எத்தியோப்பியாவில் நீல நைலின் மேலிருந்த பழைய கற்பாலத்தின் உடைந்த பகுதியை மக்கள் கயிற்றைப் பற்றிக் கடப்பதை ஓர் இதழின் ஒளிப்படத்தில் கண்ட அமெரிக்கக் கட்டுமானத் தொழில்முனைவோர் கென் பிராண்ட்சு, 2001இல் 'வளத்திற்கான பாலங்கள்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பின்னர் பல பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் இதனுடன் இணைந்து பாலங்கள் கட்டின.

இவ்வமைப்பு பயன்படுத்திய கம்பிவடப் பால வடிவமைப்பு நேபாள மலைப்பாதைப் பாலங்களின் பட்டறிவிலிருந்து பெறப்பட்டது. இவ்வகையில் உயரமான கோபுரங்கள் இல்லை. இரு கரைகளிலும் நங்கூரமிடப்பட்ட எஃகு வடங்களின் மேல் நடைதளம் நேரடியாக அமைகிறது. வளரும் நாடு ஒன்றில் முதிர்ந்த தொழினுட்பம் வேறு நாடுகளுக்குப் பரவியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வமைப்பு நிக்கராகுவாவில் கட்டிய பாலங்களின் விளைவுகளைப் பொருளியலாளர்கள் வயட் புரூக்சு, கெவின் டோனவன் ஆகியோர் ஆராய்ந்தனர். 2020இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, பாலம் இல்லாத ஊர்களில் வெள்ளக் காலத்தில் கூலி வருமானம் 18 விழுக்காடு குறைந்தது. பாலம் அமைந்த ஊர்களில் இவ்விழப்பு ஏற்படவில்லை.

கல்விப் பயன்கள்

ஐக்கிய அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு ஏற்பளிக்கும் 'ஏபெட்' நிறுவனம், 2000ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்த அதன் புதிய அளவுகோல்களில், பொறியியல் தீர்வுகளின் உலகளாவிய, சமூகத் தாக்கத்தை மாணவர் அறிந்திருக்க வேண்டும் என வலியுறுத்தியது. பல்கலைக்கழகங்கள் இத்திட்டங்களை ஆதரித்தமைக்கு இதுவும் ஒரு காரணம். மாசச்சூசெட்சுத் தொழினுட்பக் கழகத்தில் எமி சுமித் 2002இல் தொடங்கிய 'டி-லேப்' இத்தகைய கல்வியின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய 'அகுவாகிளாரா' திட்டத்தில், மின்சாரமின்றிப் புவியீர்ப்பால் இயங்கும் நீர்த் தூய்மிப்பு நிலையங்களை மாணவர்கள் வடிவமைத்தனர். ஒண்டுராசில் அவற்றைக் கட்டி இயக்கும் பொறுப்பு உள்ளூர் அமைப்புகளிடமே இருந்தது.

விமர்சனங்கள்

வெளிநாட்டு மாணவர் தொண்டின் மீதான விமர்சனம் இத்திட்டங்களைவிடப் பழமையானது. சிந்தனையாளர் இவான் இலிச் 1968இல் மெக்சிகோவில், அங்கு தொண்டாற்ற வந்திருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னிலையிலேயே அவர்களது நல்லெண்ணத்தைக் கடுமையாகச் சாடி உரையாற்றினார். இன்று முன்வைக்கப்படும் முதன்மை விமர்சனங்கள் பின்வருமாறு:

• பயணத்துக்குச் செலவாகும் தொகையைக் கொண்டு உள்ளூர்ப் பொறியியலாளரையும் தொழிலாளரையும் அமர்த்தலாம்.
• தம் நாட்டில் உரிமம் இன்றிச் செய்ய முடியாத பணியைப் பட்டம் பெறாத மாணவர்கள் ஏழை நாடுகளில் செய்கின்றனர்.
• நான்கு ஆண்டுகளில் மாணவர்கள் பட்டம் பெற்றுச் செல்வதால் திட்டத்தின் நினைவும் அவர்களுடன் சென்றுவிடுகிறது.
• பழுதுபார்க்க உதிரிப்பாகமும் பயிற்சி பெற்றவரும் பணமும் இல்லாமையால் கட்டியவை கைவிடப்படுகின்றன.

இவற்றுள் இறுதியானது மாணவர் திட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கைப்பம்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயங்கவில்லை என 2009இல் வெளியான ஒரு மதிப்பீடு காட்டியது. ஆகவே நீர்க்குழு அமைத்தல், மாதக் கட்டணம் திரட்டல், பழுதுபார்ப்பவருக்கு ஊதியம் வழங்கல் ஆகியவை வடிவமைப்பின் பகுதிகளாகவே கருதப்படலாயின.

கனடிய அமைப்பு, கருவிகளை நிறுவுவதைக் குறைத்துக்கொண்டு உள்ளூர் நிறுவனங்களை வலுப்படுத்துவதை நோக்கித் திரும்பியது. 2008 முதல் தனது தோல்விகளைத் தொகுத்து அறிக்கையாக வெளியிடவும் தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் வெற்றிகளையே பேசிவந்த சூழலில் இது பரவலாகக் கவனிக்கப்பட்டது.

அண்மைய மாற்றங்கள்

2020இல் கோவிட்-19 பெருந்தொற்றால் மாணவர் பயணங்கள் பரவலாக நிறுத்தப்பட்டன. மாணவர்கள் தொலைவிலிருந்தே வடிவமைப்பில் பங்குகொள்ள, உள்ளூர்ப் பொறியியலாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் கட்டுமானத்தை மேற்கொள்ளும் முறை வலுப்பெற்றது. நேரில் செல்லாமல் ஊரின் நிலத்தையும் மக்களையும் அறிய இயலுமா என்பது ஒரு கேள்வி. மாணவர் செல்லாமலே பணி நடைபெறுமாயின், அவரது பயணம் யாருடைய தேவைக்காக நிகழ்ந்தது என்பது மற்றொரு கேள்வி. ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், கட்டி முடிந்த பின்னர் குழாய் உடைந்தால் அதைச் சீர்செய்பவர் யார், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்டறிவது பயனுள்ளதாகும்.