கோட்டுச்சித்திரம் குணச்சித்திரமான வரலாறு

அனிமேஷன் படத்தில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை அடுத்தடுத்த இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். அதாவது ஓர் உருவம் மட்டும் அசையும் ஒரு நிமிடக் காட்சிக்கே 720 ஓவியங்கள். நடிகர்களை வைத்துப் படம் எடுப்பவர் ஒரு காட்சியைப் பல கோணங்களில் எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் கதையைச் சீர்செய்துகொள்ளலாம். வரைந்து படம் எடுப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. முடிந்த காட்சி ஒன்றை வெட்டினால் பலருடைய பல மாத உழைப்பு குப்பைக்குப் போகும். எனவே படவேலை தொடங்குமுன்பே கதையைச் சொல்லிப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் கலைப்பது, மறுபடி சொல்வது என்ற வழக்கம் இந்தத் தொழிலில் உருவானது. பாத்திரத்தின் குணத்தை அதன் அசைவிலேயே காட்டும் கலையும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. இரண்டும் முழு வடிவம் பெற்றது 1930-களில், அமெரிக்க ஸ்டூடியோக்களில்.

பிடிவாதக்கார டைனோசர்

வரைந்த உருவம் அசைகிறது என்பதே தொடக்கத்தில் போதுமான வேடிக்கையாக இருந்தது. 1906-ல் அமெரிக்காவில் ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் வரைந்த முகங்களை அசைய வைத்தார். 1908-ல் பிரான்ஸில் எமில் கோல் எடுத்த படத்தில் கோட்டுருவங்கள் ஒன்று இன்னொன்றாக உருமாறிக்கொண்டே இருந்தன. அந்த உருவங்களுக்கு ஆசையும் இல்லை, கோபமும் இல்லை.

நியூயார்க் பத்திரிகைகளில் சித்திரக்கதை வரைந்து புகழ்பெற்ற வின்ஸர் மெக்கே 1914-ல் 'ஜெர்ட்டி' என்ற டைனோசரைத் திரைக்குக் கொண்டுவந்தார். அது தனிப் படமாக அல்ல, மேடை நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகவே முதலில் காட்டப்பட்டது. கையில் சாட்டையுடன் மெக்கே மேடையில் நிற்பார். பின்னால் திரையில் ஜெர்ட்டி. சபைக்கு வணக்கம் சொல், காலைத் தூக்கு என்று அவர் ஆணையிடுவார். ஜெர்ட்டி ஒன்றிரண்டுக்குக் கட்டுப்படும். பிறகு கவனம் வேறெங்கோ போய்விடும். அதட்டினால் கண்ணீர் விட்டு அழும். அவர் தின்பண்டத்தை வீசுவதுபோல் பாவனை செய்தால், திரையில் அதைக் கவ்விக்கொண்டு சமாதானமாகிவிடும். கடைசியில் மெக்கே மேடையிலிருந்து மறைய, வரைந்த மெக்கே திரைக்குள் தோன்றி ஜெர்ட்டியின் முதுகில் ஏறிப் போவார்.

இதற்கான ஆயிரக்கணக்கான ஓவியங்களை மெக்கே தம் கையாலேயே வரைந்தார். ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற உதவியாளர் ஒவ்வொரு தாளிலும் பின்னணிப் பாறைகளையும் ஏரியையும் திரும்பத் திரும்பப் படியெடுத்தார். நிகழ்ச்சியில் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் அடுத்து ஜெர்ட்டி கீழ்ப்படியுமா, முரண்டு பிடிக்குமா என்ற எதிர்பார்ப்பு பார்வையாளர்களைக் கட்டிப்போட்டது. கதையை நகர்த்தப் பாத்திரத்தின் குணமே போதும் என்பதற்கு அதுவே முதல் சான்று.

வாரம் ஒரு வேடிக்கை

மெக்கேயின் பொறுமை தொழிலுக்கு ஒத்துவரவில்லை. அதே 1914-ல் ஏர்ல் ஹர்ட் என்பவர் செல்லுலாய்ட் தாளில் உருவங்களை வரையும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும். அசையும் உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்து மேலே அடுக்கலாம். வேலை பங்கிடப்பட்டது, ஸ்டூடியோக்கள் தொழிற்சாலைகளாயின. திரையரங்குகளுக்கு அடுத்தடுத்துக் குறும்படங்கள் போய்ச் சேர வேண்டியிருந்ததால், கதை என்பது ஒன்றோடொன்று ஒட்டாத வேடிக்கைகளின் வரிசையாகச் சுருங்கியது.

இதற்கு விலக்காக நின்றது ஃபெலிக்ஸ் பூனை. பேட் சல்லிவன் ஸ்டூடியோவில் ஆட்டோ மெஸ்மரின் கைவண்ணத்தில் 1919-ல் பிறந்த அந்தப் பூனை, சிக்கல் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, முன்னும் பின்னும் நடக்கும். அந்த நடையைப் பார்த்தாலே அது யோசிக்கிறது என்று பார்வையாளருக்குப் புரிந்தது. வரைந்த உருவத்துக்கு மனசு ஒன்று உண்டு என்று மௌனப் படக் காலத்தில் நம்ப வைத்தது அந்த நடைதான்.

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் வெளியான 'ஸ்டீம்போட் வில்லி' மிக்கி மவுஸைப் பிரபலமாக்கியது. வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் உருவாக்கிய இந்தப் படத்தின் வலிமை, இசையோடு அசைவு அச்சாகப் பொருந்தியதில் இருந்தது. கதையோ பழையபடியேதான் இருந்தது: இசைத்தாளைத் தின்றுவிட்ட ஆட்டின் வாலைச் சுழற்றினால் வாயிலிருந்து பாட்டு வருகிறது, அதன்பின் அடுத்த வேடிக்கை.

ஒரே முகம், வேறு வேறு குணம்

1933 மே மாதம் வெளியான டிஸ்னியின் 'மூன்று பன்றிக்குட்டிகள்' ஏறக்குறைய எட்டரை நிமிடப் படம். மூன்று பன்றிகளுக்கும் ஒரே முகம், ஒரே உடல்வாகு. உடையில் மட்டுமே வித்தியாசம். ஆனால் வைக்கோலிலும் குச்சியிலும் வீடு கட்டிய இரண்டும் துள்ளுகின்றன, ஆடுகின்றன, ஓநாய் வந்தால் உதறலெடுத்து ஓடுகின்றன. செங்கல் வீடு கட்டுவது நிதானமாகவும் அழுத்தமாகவும் அசைகிறது. அதன் கண் வேலையிலேயே இருக்கிறது. பெரும்பகுதிப் பன்றிக் காட்சிகளை வரைந்தவர் ஃப்ரெட் மூர். அதுவரை நல்லவன் ஒரு வடிவத்திலும் கெட்டவன் இன்னொரு வடிவத்திலும் வருவதே வழக்கம். வடிவம் ஒன்றாக இருந்தும் குணத்தைப் பிரித்துக் காட்ட முடியும் என்பதை இந்தப் படம் நிறுவியது. பிற்காலத்தில் வார்னர் ஸ்டூடியோவில் புகழ்பெற்ற சக் ஜோன்ஸ் இதையே இத்துறையின் திருப்புமுனை என்று கருதினார்.

அடுத்த ஆண்டு வந்த 'பிளேஃபுல் புளூட்டோ'வில் ஒரு காட்சி. ஈ பிடிக்கும் பசைத்தாள் நாய் புளூட்டோவின் மூக்கில் ஒட்டிக்கொள்கிறது. காலால் தள்ளினால் காலில் ஒட்டுகிறது. அதை விடுவிக்கப் போனால் உடம்பில் வேறோர் இடத்தில் ஒட்டுகிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நாய் சற்று நிற்கிறது, என்ன செய்யலாம் என்று யோசிக்கிறது, முடிவெடுக்கிறது, மறுபடி மாட்டிக்கொள்கிறது. இதை வரைந்த நார்ம் ஃபெர்குசன் முறையாக ஓவியம் கற்றவர் அல்லர். நேர்த்தியான கோட்டைவிட, யோசனைக்கும் செயலுக்கும் இடையில் வரும் அந்த நிறுத்தம்தான் காட்சிக்கு உயிர் தந்தது.

குண்டூசியும் பலகையும்

புளூட்டோவின் பசைத்தாள் காட்சிக்கு யோசனை தந்தவர் வெப் ஸ்மித் என்ற கதையாளர். கதையின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனித் தாளில் கிறுக்கிச் சுவரில் வரிசையாகக் குத்திவைக்கும் முறையைத் தொடங்கியவராகவும் அவரையே சொல்வார்கள். சுவர் பாழாகாமலிருக்கப் பெரிய பலகைகள் வந்தன, அதுவே ஸ்டோரிபோர்டு. கதையாளர் பலகைக்கு முன் நின்று, ஒவ்வொரு படமாகக் குச்சியால் தொட்டுக்காட்டி, குரல் மாற்றிப் பேசி நடித்துக் காட்டுவார். சிரிப்பு வராத இடத்தில் குண்டூசியைப் பிடுங்கினால் போதும். நஷ்டம் ஒரு தாள். பலகைப் படங்களை ஃபிலிமில் எடுத்துத் தற்காலிகக் குரலோடு ஓட்டிப் பார்க்கும் வழக்கமும் இதிலிருந்தே வளர்ந்தது.

வரைபவர்களுக்கும் சோதனை வந்தது. மை தீட்டுவதற்கு முன்பே பென்சில் ஓவியங்களைப் படமெடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். காற்றோட்டமில்லாத சிற்றறையில் டிஸ்னியும் ஓவியர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். உட்புழுக்கத்தாலும், தன் வேலை அலசப்படும் பதற்றத்தாலும் வேர்த்துக் கொட்டும் என்பதால் அந்த அறைக்கு 'ஸ்வெட்பாக்ஸ்' என்று பேர் வைத்தார்கள்.

1932 நவம்பரில் ஷுயினார்டு கலைப் பள்ளியின் ஆசிரியர் டான் கிரஹாம் ஸ்டூடியோவிலேயே மாலை வகுப்புகளைத் தொடங்கினார். மனித உடலை நேரில் பார்த்து வரைவதோடு, படங்களைச் சட்டம் சட்டமாக நிறுத்தி அசைவை ஆராய்வதும் பாடமாயிற்று. கனமான ஆள் எழும்போது எடை எங்கே விழுகிறது, சோர்ந்தவன் நடை எங்கே தொய்கிறது என்ற கேள்விகளுக்கு இங்கே விடை தேடப்பட்டது.

பேரில்லாத குள்ளர்களுக்குப் பேர்

இந்தப் பயிற்சியின் முழுப் பலன் 'ஸ்னோ ஒயிட்'டில் தெரிந்தது. 1934-ல் ஒரு மாலை டிஸ்னி தம் ஊழியர்களைக் கூட்டி, எல்லாப் பாத்திரங்களையும் தாமே நடித்துக் கதை முழுவதையும் சொன்னார். கிரிம் சகோதரர்களின் கதையில் ஏழு குள்ளர்களுக்குத் தனித்தனிப் பேரோ குணமோ கிடையாது. கதைக் கூட்டங்களில் ஏராளமான பேர்களைப் பரிசீலித்து, டாக், கிரம்பி, ஹேப்பி, ஸ்லீப்பி, பாஷ்ஃபுல், ஸ்னீஸி, டோபி என்று முடிவு செய்தார்கள். டோபிக்குப் பேச்சே வேண்டாம் என்றாயிற்று. அதனால் அவன் மனசை உடலசைவே சொல்ல வேண்டியதாயிற்று.

பில் டைட்லா வரைந்த கிரம்பி இந்தக் கலையின் உச்சங்களில் ஒன்று. பெண்பிள்ளை வீட்டுக்குள் வந்தாலே வம்பு என்று முறைத்துக்கொண்டே திரியும் கிரம்பியின் தலையில், வேலைக்குப் புறப்படும் நேரத்தில் ஸ்னோ ஒயிட் முத்தமிடுகிறாள். அவர் திமிறிக்கொண்டு விருட்டென்று நடக்கிறார். சற்றுத் தூரம் போனதும் நடை தளர்கிறது, திரும்பிப் பார்க்கிறார், முகம் இளகிச் சிரிப்பு பரவுகிறது. மறுகணமே சுதாரித்துக்கொண்டு பழையபடி முறைக்கிறார். பின்னால் அவளைக் காப்பாற்றக் கிரம்பி முந்திக்கொண்டு ஓடுவதற்கும், அவளது உடலருகே கதறுவதற்கும் அடித்தளம் இந்தச் சில நொடிகளே.

வேடிக்கையாக இருந்தும் கதையை நகர்த்தாத காட்சிகள் தயவில்லாமல் வெட்டப்பட்டன. குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியை வார்டு கிம்பல் பென்சிலில் முழுதாக வரைந்து முடித்திருந்தார், அதுவும் போயிற்று. இரண்டரை லட்சம் டாலர் என்று மதிப்பிட்ட செலவு சுமார் 15 லட்சத்தைத் தொட்டது. 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கார்த்தே சர்க்கிள் திரையரங்கில் நடந்த முதல் காட்சியில், வரைந்த குள்ளர்கள் அழுததைப் பார்த்துப் பார்வையாளர்களும் அழுதார்கள்.

அடுத்த படமான 'பினோக்கியோ'வில் சோதனை வேறு விதமாக வந்தது. கொலோடியின் நாவலில் மரப்பொம்மை முரடன். புத்தி சொல்லும் சிள்வண்டைச் சுத்தியலை வீசிக் கொல்பவன். முதலில் வரைந்த பொம்மை யாருக்கும் பிடிக்காமல் போகவே, 1938-ல் டிஸ்னி வேலையை நிறுத்தினார். மில்ட் கால் அதைக் கள்ளமில்லாத சிறுவனாக மாற்றி வரைந்தார். கதையில் சில இடங்களில் மட்டுமே வரும் சிள்வண்டு, ஜிம்மினி கிரிக்கெட் என்ற வழித்துணையாகப் படம் முழுவதும் வந்தது. அதை வடிவமைக்கும் பொறுப்பு சூப் காட்சியை இழந்த கிம்பலுக்குக் கிடைத்தது. படம் 1940-ல் வெளியானது.

கிளைகள்

1941 மே மாதம் டிஸ்னி ஊழியர்களில் நூற்றுக்கணக்கானோர் தொழிற்சங்க உரிமை கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன் கசப்பில் பல திறமைசாலிகள் வெளியேறினர். டைட்லாவும் 1943-ல் விலகினார். வெளியேறியவர்கள் பலர் சேர்ந்த யுபிஏ ஸ்டூடியோ, குறைந்த ஓவியங்களிலும் தட்டையான வடிவங்களிலும் கதை சொல்லலாம் என்று காட்டியது. வார்த்தைகளுக்குப் பதில் ஓசைகள் மட்டுமே வாயில் வரும் சிறுவனைப் பற்றிய அதன் 'ஜெரால்டு மெக்பாயிங்-பாயிங்' ஆஸ்கர் விருது பெற்றது.

சக் ஜோன்ஸின் 'டக் அமக்' 1953-ல் வந்தது. அதில் முகம் தெரியாத ஓவியர் டாஃபி வாத்தின் பின்னணியை அழிக்கிறார், உடலை வேறாக வரைகிறார், குரலை மாற்றுகிறார், ஒரு கட்டத்தில் உருவத்தையே துடைத்துவிடுகிறார். இருந்தும் அந்த ஆத்திரத்தைக் கொண்டே அது டாஃபி என்று தெரிகிறது. பாத்திரம் வடிவத்தில் இல்லை, சுபாவத்தில் இருக்கிறது என்பதை இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொன்ன படம் வேறு இல்லை.

டிஸ்னியில் வளர்ந்த தொழில்நுட்பம் ஆள் வழியாகவும் நூல் வழியாகவும் பரவியது. டிஸ்னி ஓவியர் கிளேர் வீக்ஸ் 1956-ல் மும்பை பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இந்திய ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அங்கே ஜாதகக் கதையை ஒட்டி 'பேனியன் டீர்' உருவானது. ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் வெளியிட்ட 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' டிஸ்னி ஸ்டூடியோவின் அனுபவத்தை 12 விதிகளாகத் தொகுத்தது.

கணினிக்கு வந்த பழைய பாடம்

டிஸ்னி மூத்தோரிடம் பாடம் கேட்ட ஜான் லாசெட்டர் 1986-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'லக்ஸோ ஜூனியர்' என்ற இரண்டு நிமிடக் குறும்படத்தை உருவாக்கினார். பாத்திரங்கள் இரண்டு மேசை விளக்குகள், கண்ணில்லை, வாயில்லை. சின்ன விளக்கு பந்தின் மேல் குதிக்க, பந்து காற்றுப் போய்த் தட்டையாகிறது. சின்னது தலையைத் தொங்கப் போடுகிறது. பெரியது தலையை ஆட்டிக்கொள்கிறது. கணினி வரைகலை மாநாட்டில் படம் முடிந்ததும் ஜிம் பிளின் என்ற வல்லுநர் லாசெட்டரிடம் வந்தார். நிழல்களைக் கணக்கிட்ட முறை பற்றித்தான் கேட்பார் என்று லாசெட்டர் எதிர்பார்த்தார். அவர் கேட்டதோ, பெரிய விளக்கு அம்மாவா அப்பாவா என்பது.

முழுநீளப் படத்துக்கு வந்தபோது பழைய பலகையே கைகொடுத்தது. 'டாய் ஸ்டோரி'யின் பலகைப் படங்களைக் குரலோடு கோத்து 1993 நவம்பரில் டிஸ்னி நிர்வாகிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் உட்டி என்ற கௌபாய் பொம்மை மற்றப் பொம்மைகளை விரட்டும் கொடுமைக்காரன்; புதிதாக வந்த பஸ் என்ற பொம்மையை வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே தள்ளுகிறான். இப்படிப்பட்டவன் பின்னால் யார் மனதையும் தொட முடியாது என்று தெரிந்ததும் படவேலை நின்றது. திருத்திய கதையில் உட்டி நண்பர்களின் நலம் பேணும் தலைவன். புதியவன் வந்ததால் செல்லம் போய்விடுமோ என்று பயப்படுகிறான். பஸ்ஸை மேசைக்குப் பின்னால் ஒதுக்க நினைத்தது கைமீறி ஜன்னல் விபத்தாகிறது. நடப்பது ஏறக்குறைய அதேதான். மாறியது பாத்திரத்தின் உள்நோக்கம். 1995 நவம்பர் 22 அன்று வெளியான 'டாய் ஸ்டோரி' முற்றிலும் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம். சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படமும் அதுவே.