படத்துக்குள் நிற்கும் மனிதர்கள்

கட்டடம் இன்னும் எழும்பவே இல்லை. அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. ஆனால் விளம்பரத்தில் அது ஜொலித்துக்கொண்டு நிற்கிறது. வாசலில் ஒரு குடும்பம் சிரித்தபடி நடக்கிறது. ஒரு சிறுவன் கையில் பலூன். ஓரமாக ஒரு கார், மேலே நாலைந்து பறவைகள். யார் இவர்கள்? எங்கிருந்து வந்தார்கள்? கம்ப்யூட்டர் வந்தபிறகு முளைத்த பழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இது பல நூற்றாண்டுப் பழக்கம்!

கட்டடக்கலைக்காரர்கள் இதற்கு ஒரு பிரெஞ்சுச் சொல் வைத்திருக்கிறார்கள்: 'ஆன்டூராஜ்'. சூழ இருப்பவை என்று பொருள். மரம், வண்டி, விளக்குக்கம்பம், நாய், மனிதர் எல்லாம் இதில் அடக்கம். முதல் வேலை அளவு காட்டுவது. வெறும் சுவரையும் சன்னலையும் வரைந்தால் அது பத்தடியா நூறடியா என்று பிடிபடாது. பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் போதும். இதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. சமதரையில் நிற்கிற ஒருவரின் கண்மட்டத்திலிருந்து வரைந்த படம் என்றால், கிட்டே நிற்பவரின் தலையும் தூரத்தில் நிற்பவரின் தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் வரும். கால்கள்தான் மேலும் கீழுமாக இருக்கும். இதை மறந்துவிட்டு ஒட்டினால் பின்னால் நிற்பவர் குள்ளராகவோ ராட்சதராகவோ ஆகிவிடுவார்.

அளவு காட்டும் ஆளை வைத்தே அளவைப் பற்றிப் பொய்யும் சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டில் ரோம் நகரக் காட்சிகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பிரானேசி (1720-1778) இதில் மன்னன். இடிந்த தூண்களுக்கும் வளைவுகளுக்கும் கீழே எறும்பு மாதிரி மனிதர்களை விட்டிருப்பார். பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். அந்தப் படங்களின் நினைவோடு 1786இல் ரோமுக்குப் போன ஜெர்மன் கவிஞர் கதே, நேரில் பார்த்த சில இடிபாடுகள் படத்தின் அளவுக்கு இல்லை என்று ஏமாந்தார்.

ஆனால் அளவைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. படத்தில் யாரை நிறுத்துவது, யாரை எடுப்பது? இதற்கு ஹம்ஃப்ரி ரெப்டன் கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ரெப்டன் (1752-1818) இங்கிலாந்தின் தோட்டக்கலை நிபுணர். வேறு தொழில்களில் சரிப்படாமல் 1788இல், 36 வயதில், இந்தத் தொழிலுக்கு வந்தவர். பணக்காரர்களின் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து, என்னென்ன மாற்றலாம் என்று எழுதி, நீர்வண்ணப் படங்களோடு ஒரு புத்தகமாகக் கட்டிக் கொடுப்பார். பெரும்பாலும் சிவப்புத் தோல் அட்டை என்பதால் அவற்றுக்கு 'சிவப்புப் புத்தகங்கள்' என்றே பெயர். படத்தின் மேல் ஒரு காகித மடிப்பு ஒட்டியிருக்கும். மடிப்பு மூடியிருந்தால் நிலம் இன்று இருக்கும் நிலை. தூக்கினால் ரெப்டன் செய்யப்போகும் மாற்றம்! தரிசாகக் கிடந்த இடத்தில் ஏரி, மரக்கூட்டம், மேயும் மாடுகள். பார்த்த பணக்காரருக்கு ஆசை வராமல் இருக்குமா? கொஞ்சம் வியாபார மூளைதான்.

1816இல் வெளியிட்ட தன் கடைசிப் புத்தகத்தில், எஸெக்ஸ் பகுதியில் தான் குடியிருந்த சொந்த வீட்டின் முன்புறத்தையே இப்படி வரைந்து காட்டினார். மடிப்பு மூடியிருக்கும்போது வீட்டுக்கு முன்னால் தெரு, பொதுநிலம், எதிரே இறைச்சி தொங்கும் கசாப்புக் கடை. வேலியை ஒட்டி, உடல் ஊனமுற்ற ஒரு பிச்சைக்காரர். நெப்போலியனோடு நடந்த போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்கள் நாடெங்கும் இருந்த காலம். மடிப்பைத் தூக்கினால் வேலி தள்ளிப் போயிருக்கிறது, பொதுநிலத்தில் கொஞ்சம் தோட்டமாகிவிட்டது. கசாப்புக் கடையின் இறைச்சியைச் செடிகொடிகள் மறைக்கின்றன. பிச்சைக்காரர்? காணோம்.

அவருக்கு வேலை கிடைத்ததா, சாப்பாடு கிடைத்ததா என்பதெல்லாம் படத்தின் கவலை அல்ல. சன்னலிலிருந்து தெரியக் கூடாது, அவ்வளவுதான். இதில் மனதை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. 1811இல் நடந்த ஒரு வண்டி விபத்தில் ரெப்டனுக்கு முதுகெலும்பு அடிபட்டது. அதன்பிறகு சக்கர நாற்காலிதான். அதே புத்தகத்தில், குனிய முடியாதவர்களுக்காகப் பாத்திகளை உயர்த்திக் கட்டும் யோசனையையும் சொல்லியிருக்கிறார். நடமாட முடியாதவரின் கஷ்டம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த மனிதரைப் படத்திலிருந்து எடுத்தார்.

ரெப்டனுக்குப் பிறகு கருவிகள் மாறிக்கொண்டே போயின. கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1940களில் புகைப்படங்களை வெட்டி ஒட்டினார். 1943இல் வரைந்த ஒரு சிறுநகர அருங்காட்சியகத்தில் பிக்காசோவின் 'கெர்னிக்கா' ஓவியமும் சிலைகளும் இருக்கின்றன, பார்க்க வந்த மனிதர்கள்தான் இல்லை! 1960களில் லெட்ராசெட் தாள்கள் வந்தன. தாளைப் படத்தின் மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்வதுபோல ஆட்களும் மரங்களும் ஒட்டிக்கொள்ளும். அதே ஆட்கள் ஊர் ஊராக எல்லாக் கட்டடங்களின் வாசலிலும் நின்றார்கள். 1990இல் ஃபோட்டோஷாப் வந்தபின் உண்மையான மனிதரின் படத்தையே பின்னணி நீக்கி ஒட்ட முடிந்தது. இன்னும் பலர் சறுக்கும் இடம் இதுதான். வெயில் ஒருபக்கம், ஒட்டிய ஆளின் நிழல் மறுபக்கம். காலடியில் நிழலே இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். 2000இல் வெளிவந்த ஸ்கெட்ச்அப்பிலோ நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மையே பார்த்துத் திரும்பும் தட்டை மனிதர்கள்!

2010களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஒரு கட்டடக்கலை மாணவர் தன் நண்பர்களையே படமெடுத்து, பின்னணி நீக்கி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார். பெயர் 'ஸ்கால்குப்பார்'. இலவசம், படங்களும் அருமை. விளைவு? வெயில் கொளுத்தும் நாட்டுக்கான கட்டடமாக இருந்தாலும் அதன் முற்றத்தில் குளிர்கோட்டும் கம்பளிக் கழுத்துத்துணியும் அணிந்த ஸ்வீடன் இளைஞர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரும் அங்கே இல்லை. அமெரிக்காவில் சில மாணவர்கள் இதற்குப் பதிலாக வேறு இன, வேறு நாட்டு மனிதர்களின் படங்களைச் சேர்த்து ஒரு தளம் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நான்ஸ்காண்டிநேவியா'.