மாக்கோழியும் கணினிப் புலியும்

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் நோக்கி வடக்கே செல்வோர், நகரெல்லை கடந்த சிறிது நேரத்திலேயே பொம்மையார்பாளையத்தை அடைவர். மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் பெயரில் நிலைத்திருக்கும் இவ்வூர், கடலை நம்பி வாழும் மீனவர் ஊருமாகும். இதற்கும் வடக்கே கழுவெளி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களும் பரந்து கிடக்கின்றன.

இவ்வூருக்கு அண்டையிலுள்ள புதுவையைக் கதைக்களமாகக் கொண்டு, கனடா நாட்டு எழுத்தாளர் யான் மார்டெல் 2001-இல் ஒரு நாவல் வெளியிட்டார். ஆங் லீயின் இயக்கத்தில் அது 2012-இல் ‘லைஃப் ஆஃப் பை’ என்னும் திரைப்படமாயிற்று. படப்பிடிப்பின் ஒரு பகுதி புதுவையிலேயே நடந்தது. நடுக்கடலில் ஒரு படகில் சிறுவனும் புலியும் என்பதே கதை. இறுதியில் திரும்பியும் பாராமல் காட்டுக்குள் புகும் அப்புலியை எண்ணிக் கலங்கியோர் பலர். ஆனால் திரையில் நாம் கண்ட புலியின் பெரும்பகுதி கணினியால் ஆக்கப்பட்டது. உயிருள்ள புலிகள் சில காட்சிகளில் மட்டுமே இடம்பெற்றன. உயிரற்ற ஓர் உருவுக்காக உள்ளம் உருகுவது எத்தகைய அன்பு? இவ்வினாவை நம் முன்னோர் வேறொரு முனையிலிருந்து எழுப்பியுள்ளனர்.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை நம் இல்லங்களில் அறியாதார் இலர். தீக்கனவு கண்டதாகக் கூறிய மன்னன் யசோதரனை, சண்டமாரிக்கு உயிர்ப்பலியிடுமாறு அன்னை சந்திரமதி வற்புறுத்துகிறாள். உயிர்க்கொலைக்கு அவன் இசையவில்லை. உயிரில்லாத மாக்கோழியையேனும் பலியிடு என்கிறாள் அன்னை, அதற்கு இசைகிறான். வாளால் வெட்டுண்ட மாக்கோழி அலறியது என்பது கதை. அவ்வொரு செயலால் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, பின் பாம்பு, மீன், ஆடு, கோழி எனப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். கன்னடத்தில் ஜன்னர் 1209-இல் இக்கதையைப் பாடினார். அதற்கும் முன்பே 959-இல் சோமதேவர் வடமொழியில் இதனை விரித்தெழுதினார். ஓர் உயிரும் சாகாத ஒரு பலியை இத்தனை புலவர் இத்தனை மொழிகளில் மறவாது சொல்லியதற்குக் காரணம் ஒன்றே. திரவிய இம்சை நிகழாத இடத்திலும் பாவ இம்சை நிகழக்கூடும். வெட்டப்பட்டது மாவாயினும் வெட்டத் துணிந்தது நெஞ்சு.

இவ்வளவுகோலை ஏந்தித் தமிழ்த்திரையின் வரலாற்றை நோக்குவோம். சாண்டோ சின்னப்பா தேவரை விடுத்து அவ்வரலாற்றை எழுத இயலாது. 1960-இல் ‘யானைப்பாகன்’, 1967-இல் ‘தெய்வச்செயல்’, அதன் இந்தி வடிவமாக ராஜேஷ் கன்னா நடித்து 1971-இல் இந்தியாவெங்கும் ஓடிய ‘ஹாத்தி மேரே சாத்தி’, மீண்டும் தமிழில் 1972-இல் எம்.ஜி.ஆரின் ‘நல்ல நேரம்’, பின்னர் 1977-இல் ‘ஆட்டுக்கார அலமேலு’ என அவர்தம் நிறுவனம் விலங்குகளையே நாயகராக்கியது. அலமேலுவின் ஆட்டைக் காண மாட்டுவண்டி கட்டிச் சென்ற கதையை எங்கள் வீட்டுப் பெரியோர் இன்றும் சொல்வதுண்டு. அவ்வன்பு பொய்யன்று, விலங்குக்கும் நன்றியும் துயரும் உண்டென்று பாமரரும் உணர அப்படங்கள் உதவின. எனினும் யானை வணங்கவும் ஆடு தாவவும் அவற்றைப் பழக்கிய முறை எதுவென்று அக்காலத்தில் கேட்டவர் மிகச் சிலரே.

கேட்ட ஒருவர் அதே சென்னையில் இருந்தார். மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான ருக்மிணிதேவி அருண்டேல் 1953-இல் விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தார். ‘யானைப்பாகன்’ வெளிவந்த அதே 1960-இல்தான் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் நிறைவேறியது. 1962-இல் சென்னையில் தொடங்கிய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பின்னர் 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குதல் தடை செய்யப்பட்டது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. அவ்வாண்டில் வந்த விதிகளால் திரைப்படத்துறையும் விலங்குகளை நடிக்கவைக்க அனுமதி பெறவேண்டியதாயிற்று. ஊர்ச் சர்க்கஸில் சிங்கம் மறைந்தது. திரையில் கணினி விலங்கு பிறந்தது.

இம்மாற்றத்தை நாம் வரவேற்கவே வேண்டும். சாட்டையடியும் சங்கிலியும் இன்றிக் கதை சொல்ல இயலுமாயின் அது பேருதவியன்றோ? ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. நாயகன் கணினிக் காட்டுவிலங்கைக் குத்தி வீழ்த்தும்போது அரங்கம் ஆரவாரிக்கிறது. விலங்கு எதுவும் துன்புறுத்தப்படவில்லை என்னும் அறிவிப்பு படத்தின் தொடக்கத்தில் உள்ளது. அது உண்மையும் ஆகும். ஆனால் அந்த ஆரவாரம் மாக்கோழியை வெட்டியபோது எழுந்த ஆரவாரத்தினின்று எவ்வாறு வேறுபடும்? நான் அறிந்தவரை எந்த வாரியமும் இதற்குச் சான்றிதழ் தர இயலாது. நம் சிறுவர் கைப்பேசியில் ஆடும் வேட்டை விளையாட்டையும் இதனோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

திரையன்பு வாழ்விலும் தொடர்வதுண்டு. முதுமலைத் தெப்பக்காடு முகாமின் பொம்மன், பெள்ளி இணையரையும் அவர்கள் வளர்த்த யானைக்கன்றுகளையும் காட்டிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் பெற்றபின், அக்கன்றுகளைக் காணப் பலர் அங்கே திரண்டனர். பார்வையாளர் கூட்டமே அக்கன்றுகளுக்குப் புதிய சுமையாகிவிடாதோ என்று அப்போது தோன்றியது.

மறுபுறம், எவரும் திரையில் காணாத உயிர்களும் உண்டு. தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட நம் சோழமண்டலக் கரைக்கு வருகின்றன. கடலில் வாழினும் மூச்சுக்காக மேலெழ வேண்டிய உயிர் அது. இழுவலையில் சிக்கினால் மூச்சு முட்டி இறக்கும். 2025 சனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரையோரம் 5 கடல்மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. ஆமை தப்பிச் செல்ல வலையில் பொருத்தும் அமைப்பும் உண்டு.

இருபதாம் தீர்த்தங்கரராகிய முனிசுவிரதரின் இலாஞ்சனை ஆமை என்பதை நம் சிறாருக்குச் சொல்லியிருப்போம். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர், தம் திருமண ஊர்வலத்தில் பட்டியில் அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரை நிறுத்தி, இவை எதற்காக அடைபட்டன என்று தேர்ப்பாகனை வினவினார். விருந்துக்கு என்றான் அவன். மயிலாப்பூரில் கடல் நெருங்கியபோது அங்கிருந்த நேமிநாதர் திருமேனியை மேல்சித்தாமூருக்கு எடுத்துவந்ததாக நம் மரபு கூறும். பொம்மையார்பாளையத்திலும் அதே கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது.